சிக்கனத் தாம்பூலம்

அந்தப் பாட்டிலை ஜன்னல் வழியாக எறிந்துவிடாதீர்கள் சார். இப்படிக் கொடுங்கள். மூடியோடு கொடுங்கள், மூடிதான் முக்கியம். அடியை வெட்டிவிட்டுத் தலைகீழாகச் செடிக்குப் பக்கத்தில் புதைத்து, மூடியில் ஊசியால் ஒரு துளை போட்டால் சொட்டு நீர்ப் பாசனம். இதற்கென்றே கடையில் ஒரு சாமான் விற்கிறார்கள். அதையும் வாங்கத்தான் வாங்குகிறார்கள் நம் ஜனங்கள். இல்லை இல்லை, கீழே ஊற்ற வேண்டாம். மிச்சத் தண்ணீர் இருக்கட்டும், அது செடிக்கு.

புதுக்கோட்டைதானே? நானும் அங்கேதான். நல்லதாகப் போயிற்று. சட்டைப் பையில் பேனா வைத்திருக்கிறீர்கள். மை ஊற்றுகிற பேனா. திருச்சியில் பஸ் ஏறும்போதே கவனித்தேன், அதனால்தான் அங்கே காலி சீட் இருந்தும் இங்கே வந்து உட்கார்ந்தேன். உங்களை மாதிரி ஒருவரிடம் ஒரு விஷயத்தைச் சொல்லி அபிப்பிராயம் கேட்கலாம்.

என் பெண்ணின் கல்யாணம் நின்று கிடக்கிறது. ஒரு பையால்.

பையன் இல்லை சார், பை. தேங்காய், வெற்றிலை பாக்குப் போட்டுக் கொடுக்கிற தாம்பூலப் பை. நிச்சயதார்த்தத்தன்று கொடுத்தோம். வாங்கிய மாப்பிள்ளை வீட்டார் அப்படியே கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்கள். அவர்கள் வீட்டுக்குத்தான் இப்போது போய்க்கொண்டிருக்கிறேன். என்னிடம் அவர்கள் எதிர்பார்ப்பது ஒரே ஒரு வாக்கியம். மாப்பிள்ளையின் அப்பாவே போனில் சொல்லிவிட்டார்: "நீங்க ஒண்ணும் விளக்க வேண்டாம் சம்பந்தி. வந்து உக்காந்து, தெரியாம நடந்துருச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. வீட்டுப் பொம்பளைங்கள நான் சமாதானம் பண்ணிக்கிறேன்." சொன்னால் கல்யாணம். சொல்லாவிட்டால் இல்லை.

ஆனால் நான் தெரிந்துதானே செய்தேன்? அதுதான் சிக்கல். முதலிலிருந்து சொல்கிறேன், நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

என் பெயர் தெய்வநாயகம். ஜெர்மனியில் தண்ணீர் பம்ப் செய்கிற கம்பெனி ஒன்றில் ரொம்ப வருஷம் வேலை. அங்கே குப்பைக்கே நாலு தொட்டி. கண்ணாடிப் பாட்டிலைக்கூட வெள்ளை, பச்சை, பழுப்பு என்று நிறம் பார்த்துப் போட வேண்டும். போன புதிதில் ஒரு பச்சைப் பாட்டிலைப் பழுப்புத் தொட்டியில் போட்டுவிட்டேன். எதிர்வீட்டுக்காரர் அதை எடுத்து வந்து என் வாசலில் வைத்து, மரியாதையாகக் காலை வணக்கமும் சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்குத்தான் நான் மனிதன் ஆனேன். என் மனைவி பூரணி இந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம், "அந்த ஆளு மட்டும் அன்னைக்கு லீவுல போயிருந்தா என் வாழ்க்கையே வேற" என்பாள். அவளுக்கு நகைச்சுவை உணர்ச்சி உண்டு.

அம்மா திருச்சியில் தனியாக இருந்தாள். ஜெர்மனியில் வீட்டு வாடகையும் ஏறிவிட்டது. இரண்டையும் கூட்டிக் கழித்துப் பார்த்ததில் திரும்பி வருவதுதான் லாபம் என்று பட்டது, வந்துவிட்டோம். வந்ததும் முதல் வேலையாக வீட்டைச் சீர்திருத்தினேன். இயற்கைக்கும் நல்லது, பர்சுக்கும் நல்லது, இதுதான் என் கொள்கை. திட்டம் என்னுடையது, செயல்பாடு பூரணியுடையது. இப்படிப் பிரித்துக்கொண்டால்தான் வேலை நடக்கும்.

ஏசியை விற்றேன். ஜன்னலுக்கெல்லாம் வெட்டிவேர்த் தட்டி கட்டினேன். என்ன குளிர்ச்சி என்கிறீர்கள்! அவ்வப்போது தண்ணீர் தெளிக்க வேண்டும், அவ்வளவுதான், பூரணி தெளிப்பாள். வாஷிங் மெஷினை விற்றேன். பூந்திக்கொட்டையை ஊறவைத்து, கசக்கி, நுரை வரவழைத்து, அதில் துணி துவைத்தால் பவுடரே வேண்டாம். பூரணியின் கைகள் முன்பைவிட எவ்வளவோ உறுதியாகிவிட்டன. மொட்டை மாடியில் சூரிய அடுப்பு. கேஸ் செலவு பாதிக்குப் பாதி. அதில் ஒரே ஒரு குறை, சூரியன் நகர்கிறது, அடுப்பு நகர மாட்டேன் என்கிறது. கொஞ்ச நேரத்துக்கு ஒரு தரம் மாடிக்குப் போய்த் திருப்பி வைக்க வேண்டும். பூரணிக்கு மூட்டுவலி. படி ஏறி இறங்கினால் மூட்டு இளகும் என்று நான் ஒரு கட்டுரையில் படித்திருக்கிறேன், அதை அவளுக்குச் சத்தமாகப் படித்தும் காட்டினேன்.

மேகம் போட்டால் பருப்பு வேகாது, உண்மைதான். அன்றைக்குப் பக்கத்து வீட்டிலிருந்து குழம்பு வந்துவிடும். இவள் கேட்பதுகூட இல்லை, வானத்தைப் பார்த்துவிட்டு அவர்களாகவே கொடுத்தனுப்புகிறார்கள். ஜெர்மனியில் இதை நினைத்துப் பார்க்க முடியுமா? இதைத்தான் சமூக வாழ்வு என்பது.

என் பெண் தாரிணி இருக்கிறாளே, கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று கம்பெனி சொல்லியும் கேட்க மாட்டாள், தினமும் ஆபீசுக்குப் போய்விடுவாள். சித்திரை வைகாசியில் ஞாயிற்றுக்கிழமைகூட. அப்படி ஒரு தொழில் பக்தி. அந்த ஆபீஸ் முழுக்க ஏசியாம், எப்படித்தான் பொறுத்துக்கொள்கிறாளோ.

பூரணி ஒரு நாள் கேட்டாள்: "ஏங்க, கரண்டு மிச்சம்ங்கிறீங்க, கேஸ் மிச்சம்ங்கிறீங்க, தண்ணி மிச்சம்ங்கிறீங்க. நான் மட்டும் ஏங்க மிச்சமில்லாம தீந்துக்கிட்டே வர்றேன்?"

நியாயமான கேள்வி. இரும்புச் சத்துக் குறைவாக இருக்கும் என்று முருங்கைக்கீரையைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன். மரம் வீட்டிலேயே இருக்கிறது. ஏறிப் பறிக்க வேண்டியதுதான் பாக்கி.

சரி, பைக்கு வருகிறேன்.

போன ஆனி மாதம் அம்மா இறந்துபோனாள். வயதாகிவிட்டது, தூக்கத்திலேயே. வந்தவர்கள் எல்லோரும் கோடி போட்டார்கள். நம் வழக்கம்தான், உங்களுக்குத் தெரியாததா? ஒவ்வொரு உறவும் ஒரு புதுச் சேலையைக் கொண்டுவந்து மேலே போர்த்துவது. அம்மாவுக்கு உறவு அதிகம். முகமே தெரியாதபடி குவிந்துவிட்டது. அத்தனையும் கடை மடிப்புக் கலையாத புதுசு. மயானத்தில் உள்ளே தள்ளுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் எடுத்து ஓரமாக வைத்தார்கள். அங்கே வேலை பார்க்கிறவர் வந்து, "மேல போட்டதெல்லாம் எங்களுக்குங்கய்யா. காலங்காலமா அப்படித்தான்" என்றார்.

நான் விசாரித்தேன். பழைய துணிக்காரரிடம் போட்டுவிடுவாராம். அங்கிருந்து எங்கே போகும்? யாருக்குத் தெரியும்? எங்கேயாவது குப்பை மேட்டில் எரியும். ஒரு பருத்திச் சேலைக்குப் பின்னால் எவ்வளவு தண்ணீர் செலவாகியிருக்கிறது தெரியுமா? அதை அவருக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார், வேறு வழி இல்லை, நான்தான் கொள்ளி வைக்க வேண்டியவன். பாலியஸ்டர் எல்லாவற்றையும் அவருக்கே கொடுத்துவிட்டேன். நம் கொள்கைக்கு அது ஒத்து வராது. பருத்தியை மட்டும் மூட்டை கட்டி எடுத்து வந்து, தீட்டுக் கழித்த கையோடு துவைத்துப் பரணில் போட்டுவிட்டேன். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. ரகசியம் என்றில்லை. யாரும் கேட்கவில்லை.

இதற்கு நடுவில் தாரிணிக்குக் கல்யாணம் கூடி வந்தது. பையன் நவநீதன், அவளுடைய ஆபீஸ்தான். இவர்களாகவே பேசி முடிவு செய்துகொண்டு வந்தார்கள், தரகர் செலவே இல்லை. பையனின் அப்பா வைரவமூர்த்தி புதுக்கோட்டையில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். நல்ல மனிதர், ஆனால் வீடு பூரா அறைக்கு ஓர் ஏசி, கூடத்தில் யாருமில்லாமலே ஓடிக்கொண்டிருக்கிறது. முதல் தடவை அந்த வீட்டுக்குப் போய்விட்டு வந்த தாரிணி இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. அவ்வளவு வீண்செலவை ஒரே இடத்தில் பார்த்த அதிர்ச்சி.

நிச்சயதார்த்தம் எங்கள் செலவு. தாம்பூலப் பை விலை கேட்கக் கடைக்குப் போனேன். பார்க்கத் துணி மாதிரி ஒரு பையைக் காட்டினார்கள். துணியே அல்ல சார், பிளாஸ்டிக். பிள்ளையார் படம் வேறு. அதற்கு ஒரு விலை. வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். தலைக்கு நேர் மேலே பரண். அப்புறம் என்ன?

ஒரு வாரம் வேலை செய்தேன். கையில் கத்தரிக்கோலோடு, தனியாக. இந்த ஒரு காரியத்தில் திட்டமும் நான்தான், செயல்பாடும் நான்தான். சேலைகளைக் கத்தரித்துப் படிகாரத் தண்ணீரில் ஊறவைத்து, மஞ்சளைக் கொதிக்கவிட்டு முக்கி எடுத்தேன். ரசாயனச் சாயம் ஒரு சொட்டு இல்லை. கரைகளைத் தனியாக எடுத்துவைத்தேன். கரைதான் சேலையிலேயே வலுவான இடம், தேங்காய்ப் பாரத்தைத் தாங்கும். அதைக் கைப்பிடிக்கு வைத்துக்கொண்டேன். தைத்தது பூரணி, கால் மிஷினில்.

"ஏதுங்க இவ்வளவு துணி?" என்றாள்.

"வீட்டில் இருந்ததுதான்" என்றேன்.

இதில் ஒரு சொல் பொய் உண்டா? சொல்லுங்கள்.

விழாவன்று எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. தட்டு மாற்றியாகிவிட்டது. தாரிணி சிரித்த முகமாக இருந்தாள், அந்த மாதிரி சிரிப்பை வீட்டில் பார்த்ததே இல்லை. மாப்பிள்ளையின் அம்மாவுக்குத்தான் முதல் பை. கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எவ்வளவு லட்சணமா இருக்கு! கைப்பிடிகூட கோபுரக் கரை வச்சுத் தச்சிருக்காங்க பாரு" என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் காட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்தில் இருந்தவர்களில் என் தங்கை கோமதியும் ஒருத்தி. எட்டிப் பார்த்தாள். கைப்பிடியை விரலால் தடவினாள். என்னைப் பார்த்தாள்.

"அண்ணே, இது அம்மாவுக்கு நான் போட்ட கோடியில்ல?"

மெதுவாகத்தான் கேட்டாள். அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்குவதற்கு அந்த நொடியையா தேர்ந்தெடுக்க வேண்டும்?

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்கிறார்கள் இப்போது. பூரணி என்னைப் பார்த்துக் கண்ணாலேயே ஏதோ கெஞ்சினாள். விவரமாக எடுத்துச் சொல்லுங்கள் என்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். மைக்கை வாங்கினேன்.

நல்ல பேச்சு சார் அது. துணியின் ஆயுள் என்ன, தண்ணீர் எவ்வளவு, நாம் எதை எதையெல்லாம் தூக்கி எறிகிறோம் என்று படிப்படியாகச் சொன்னேன். எதிர்தரப்பின் ஆட்சேபத்தையும் ஊகித்துப் பதில் சொன்னேன். அது பேச்சாளனின் கடமை. "இந்தத் துணிகள் பிணத்தின் மேல் கிடந்தவைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அரை நாளுக்கு மேல் கிடக்கவில்லை" என்றேன்.

அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. ஒவ்வொருவராகப் பையைக் கீழே வைத்தார்கள். சிலர் வைக்கக்கூட இல்லை, விட்டுவிட்டார்கள். மண்டபம் முழுக்கத் தேங்காய் உருண்டது. மாப்பிள்ளையின் அம்மா கை கழுவ ஓடினார். குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, கழுவுகிறார், கழுவுகிறார், முழங்கை வரை கழுவுகிறார். எவ்வளவு தண்ணீர் சார்! நான் போய் மூடினேன். ஒருவேளை அதைச் செய்யாமல் இருந்திருக்கலாம்.

எல்லோரும் போன பிறகு பைகளைப் பொறுக்கி எடுத்தேன். ஒன்றுகூடக் குறையவில்லை. இதோ, என் காலடியில் இருப்பதும் அதில் ஒன்றுதான். ஏன் சார் காலை இழுத்துக்கொள்கிறீர்கள்? உள்ளே வாழைப்பழம். எங்கள் வீட்டு மரம், நாங்கள் குளித்த தண்ணீரிலேயே வளர்ந்தது. சம்பந்தி வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது இல்லையா?

அதிலிருந்து தாரிணி ஆபீசுக்குக்கூடப் போகவில்லை. அறைக்குள்ளேயே கிடக்கிறாள், மின்விசிறியைப் போடாமல். நான் சொல்லாமலேயே. தட்டில் வைத்த சோறு அப்படியே திரும்பி வருகிறது. மிஞ்சிய சோற்றில் வடாம் போடச் சொன்னேன், பூரணி என்னை ஒரு பார்வை பார்த்தாள். முப்பது வருஷத்தில் அவள் அப்படிப் பார்த்ததில்லை. வடாம் போடவில்லை.

அந்தப் பையனும் பாவம், அப்பா அம்மாவிடம் மல்லாடிப் பார்த்திருக்கிறான். அதன் பலன்தான் இந்த ஒற்றை வாக்கியம். நேற்று தாரிணி வெளியே வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். "தெரியாம நடந்துருச்சுன்னு சொல்லிருவீங்களாப்பா?" என்றாள். பார்க்கலாம் என்றேன். "பாக்கலாம்னா?" என்றாள். சூழ்நிலையைப் பொறுத்து என்றேன். அவள் அழவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டாள். அழுதிருந்தால்கூட நான் ஏதாவது சொல்லியிருப்பேன்.

இப்போது சொல்லுங்கள். உண்மைக்கு மாறாக ஒரு வார்த்தை. கொள்கைக்காக வாழ்ந்த ஒருவன், பெண் கல்யாணத்துக்காக, தெரியாமல் நடந்துவிட்டது என்று...

ஒரு நிமிஷம் சார். போன். அவள்தான்.

சொல்லும்மா. பஸ்ஸில்தான். மாத்தூர் தாண்டியாகிவிட்டது. எங்கே? அங்கேயா? எப்போது போனீர்கள்? காரிலா? ஏசி காரா? சரி, சரி, அதை விடு. அம்மா என்ன சொன்னாள்? யாரிடம்? அவர்களிடமா? என்னைப் பற்றியா? நான் அப்படி ஒன்றும்... இல்லை. தாரிணி, நான் சொல்வதைக் கேள். என்ன? சரி. கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். சரி, வை.

கேட்டீர்களா சார்? நான் கட்டணம் குறைந்த பஸ்ஸுக்காக ஸ்டாண்டில் இரண்டு மணி நேரம் காத்துக்கொண்டிருந்த நேரத்தில் அம்மாவும் பெண்ணும் வாடகைக் கார் பிடித்து எனக்கு முன்னால் புதுக்கோட்டைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பெட்ரோலை விடுங்கள். பூரணி அங்கே போய் என்ன சொல்லியிருக்கிறாள் தெரியுமா?

"அவங்க அம்மா போனதுலேர்ந்து அவருக்குப் புத்தி நிதானத்துல இல்லீங்க. நாங்கதான் வெளிய சொல்லல. பரண்ல அந்தத் துணிய ஒளிச்சு வச்சிருக்காரு. வீட்ல ஆள் இல்லன்னு நெனச்சுக்கிட்டு எறக்கி மடியில வச்சு மோந்து பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாரு. நான் பாத்திருக்கேன். அது கோடின்னு தெரியாது, ஏதோ அத்தையோட பழைய சேலைன்னு நெனச்சு விட்டுட்டேன். பேத்தியோட நல்ல நாள்ல அம்மாவும் இருக்கட்டும்னு தோணியிருக்கு அவருக்கு, அப்படிச் செஞ்சுட்டாரு. எல்லாக் கைக்கும் கொஞ்சம் கொஞ்சமா அம்மாவக் குடுத்துட்டாரு."

எப்படி இருக்கிறது? கவிதை மாதிரி இல்லை? இதைச் சொல்லி இவள் அழ, மாப்பிள்ளையின் அம்மா அழ, பாத்திரக்கடைக்காரர்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். பெற்றவளைப் பறிகொடுத்தவன் என்று எல்லோருக்கும் என்மேல் ஒரே இரக்கம். பரிகாரமாகக் கோயிலில் ஓர் அர்ச்சனை, அப்புறம் தை மாதத்தில் முகூர்த்தம் என்று பேசி முடித்துவிட்டார்கள். நான் ஒன்றுமே சொல்ல வேண்டாமாம். வரக்கூட வேண்டாமாம். நான் வாயைத் திறந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று பயம். கீரனூரில் இறங்கித் திரும்பிப் போய்விட வேண்டுமாம். தாரிணி சொல்கிறாள்: "எனக்காக ஒரே ஒரு தடவ பைத்தியமா இருந்துட்டுப் போங்கப்பா."

முகர்ந்து பார்த்தேன் என்பது வாஸ்தவம். பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று பார்த்தேன் சார். பருத்தியை மடித்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும், பிடித்தால் முதலில் வாசனையில்தான் தெரியும். எந்தத் துணிக்கடைக்காரரையும் கேளுங்கள். மடியில் வைக்காமல் பின்னே எங்கே வைப்பது? தரையிலா?

கீரனூர் வந்துவிட்டது. சரி, இறங்கிவிடலாம். பெண் கேட்கிறாள். கண்டக்டர், ஒரு நிமிஷம். நான் புதுக்கோட்டைக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன், இங்கேயே இறங்குகிறேன். மீதி தூரத்துக்கு உண்டான பணத்தைக் கொடுத்துவிடுங்கள். ஏன் கிடையாது? நான் உட்காராத சீட்டுக்கு நான் ஏன் கொடுக்க வேண்டும்? சிரிக்காதீர்கள், இது சட்டப் பிரச்சினை. அந்த இடத்துக்கு இங்கே ஒருவரை ஏற்றி அவரிடமும் டிக்கெட் வாங்குவீர்களா மாட்டீர்களா? அப்படியானால் ஒரே இருக்கைக்கு இரண்டு பேரிடம்... விசில் அடிக்காதீர்கள், பேசிக்கொண்டிருக்கிறேன் இல்லையா? டிரைவரிடம் சொல்லுங்கள். மேலிடத்துக்கு எழுதிக் கேட்கட்டுமா? சரி, கேட்கிறேன்.

பஸ் கிளம்பிவிட்டது சார்.

அதுவும் நல்லதற்குத்தான். இறங்கியிருந்தால் காலமெல்லாம் பைத்தியம். இனி மாப்பிள்ளை வீட்டுக்கு எப்போது போனாலும் காபியைக் கையில் கொடுத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பேரன் பிறந்தால் தூக்கக் கொடுக்க யோசிப்பார்கள். அதற்குப் பதில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து, நான் நல்ல நினைவோடுதான் இருக்கிறேன் என்று விளக்கிவிட்டு வந்துவிடலாம். மனிதர்கள்தானே, புரிந்துகொள்வார்கள். மண்டபத்தில் மைக் சரியில்லை.

நீங்கள்தான் சம்பந்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். சொல்லிப் பார்க்கிறேன். எங்கே இடறுகிறது என்று சொல்லுங்கள்.

"சம்பந்தி, பூரணி சொன்னது எதுவும் உண்மையில்லை. இது துக்கத்தில் செய்த காரியம் அல்ல. நிதானமாக, அளவெடுத்துச் செய்தது. ஒவ்வொரு சேலையையும் விரித்து, கோடு போட்டு, வெட்டினேன். கோமதி போட்டது, பூரணியின் அண்ணன் போட்டது, கும்பகோணத்து அத்தை வீட்டார் போட்டது. யார் போட்டது என்று பாரபட்சம் காட்டவில்லை. ஒரு முழம் வீணாக்கவில்லை. அம்மாவுக்கு நான் போட்டதை மட்டும்தான் வெட்டவில்லை. அது பைக்கு அளவு ஒத்து வரவில்லை."

இடறுகிறதா? எங்கே?

ஆமாம், அதுவும் சேலைதான். சுங்குடி. எல்லாச் சேலைக்கும் நீளம் ஒன்றுதான், தெரியும். அகலமும்தான். ஊதா நிறம் சார், அதன்மேல் மஞ்சள் ஏறாது. ஏறும், ஆனால் நன்றாக வராது. முக்கிப் பார்க்கவில்லை, பார்க்காமலேயே தெரியும். கத்தரிக்கோலும் அதற்குள் மழுங்கிவிட்டது.

இல்லை, பரணில் இல்லை. என் தலையணை உறை கிழிந்துவிட்டது. புதிது வாங்குவானேன் என்று அதைத்தான் தலையணைக்குச் சுற்றி வைத்திருக்கிறேன். அதன் மேலே பழைய உறையைப் போட்டுவிட்டால் வெளியே தெரியாது. பூரணிக்குத் தெரியாது. துவைக்கவில்லை. சாயம் போய்விடும் சார், சுங்குடி. மற்றதையெல்லாம் அன்றைக்கே துவைத்துவிட்டேன். இதை மட்டும்...

நீங்கள் ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? எனக்கு ஒன்றும் இல்லை.

திருவப்பூர் தாண்டிவிட்டது போலிருக்கிறது. ஊர் வந்துவிட்டது.

சரி சார், நீங்கள் இறங்குங்கள். உங்கள் பையை எடுத்துக்கொண்டீர்களா? பார்த்து. நான் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு வருகிறேன், வெயிலாக இருக்கிறது. பழம் வேண்டுமா? பையோடு தரவில்லை, பழத்தை மட்டும். வேண்டாமா. சரி.

இல்லை கண்டக்டர், தூங்கவில்லை. கடைசி ஸ்டாப் என்று தெரிகிறது. இந்த வண்டி திரும்பத் திருச்சிக்குத்தானே போகும்? அப்படியானால் ஒன்று கொடுங்கள். முழு டிக்கெட்தான். ஆமாம், இப்போதுதான் வந்தேன். வேலையா? அது முடிந்துவிட்டது.